மார்லின் கைமாறிய கதை: துப்பாக்கி நிறுவனம் விற்கப்பட்டால் ரசிகர்கள் ஏன் பதறுகிறார்கள்?

2020 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் திவால் நீதிமன்றம் ஒன்றின் வழியாக ரெமிங்டன் நிறுவனம் கூறு போட்டு விற்கப்பட்டது. 1816-இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்ட நிறுவனம் அது. ஆர்கன்சா மாநிலத்தில் இருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலையை விஸ்டா அவுட்டோர் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. ரெமிங்டன் பெயரில் துப்பாக்கி செய்யும் பிரிவு ரவுண்ட்ஹில் என்ற முதலீட்டுக் குழுவுக்குப் போனது. ரெமிங்டனின் கைவசம் இருந்த மார்லின் என்ற பழைய துப்பாக்கிப் பெயரை ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது.

பணக் கணக்கில் மார்லின் சிறிய துண்டுதான். தோட்டாப் பிரிவு மட்டுமே 8 கோடி டாலரைத் தாண்டி விலைபோனது. ஆனாலும் அமெரிக்க வேட்டைக்காரர்களும் துப்பாக்கிச் சேகரிப்பாளர்களும் அப்போது அதிகம் பேசியது மார்லினைப் பற்றித்தான். இழந்துவிட்டதாக நினைத்த ஒன்று நல்ல கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற நிம்மதி அவர்களின் பேச்சில் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மார்லினை ரெமிங்டன் வாங்கியபோது இதே மக்கள் கலங்கியிருந்தார்கள். ஒரு கைமாற்றத்தில் துக்கம், மறு கைமாற்றத்தில் கொண்டாட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்காது. நிறுவனங்கள் நாள்தோறும் கைமாறுகின்றன. சோப்பு நிறுவனம் விற்கப்பட்டால் அதை வாங்கிக் குளிப்பவர்கள் கூடிப் பேசுவதில்லை.

துப்பாக்கி அப்படி இல்லை என்பதற்கு முதல் காரணம் அதன் ஆயுள். ஒழுங்காக எண்ணெய் போட்டுப் பராமரித்தால் ஒரு வேட்டை ரைஃபிள் நூறு ஆண்டு உழைக்கும். தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும். அமெரிக்காவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. ஆகவே ஒரு நிறுவனம் விற்கப்படும் செய்தி, இனிமேல் வாங்கப்போகும் பொருளைப் பற்றிய செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஏற்கெனவே வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு நாளை உதிரி பாகம் கிடைக்குமா, பழுது பார்க்க யாராவது இருப்பார்களா, அதன் மறுவிற்பனை விலை ஏறுமா இறங்குமா என்ற கேள்விகள் அன்றே தொடங்கிவிடுகின்றன. இந்தக் கேள்விகள் எதுவும் கற்பனைப் பயம் இல்லை என்பதை மார்லின் கதை காட்டுகிறது.

நார்த் ஹேவனில் இருந்தது என்ன?

ஜான் மார்லின் 1870-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தொழில் தொடங்கினார். அதே ஊரில்தான் வின்செஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனமும் இருந்தது. இரண்டுமே லீவர் ரைஃபிள்களுக்குப் பெயர்போனவை. விசையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். மேற்கத்தியக் குதிரை வீரர்களின் கையில் படங்களில் பார்க்கிறோமே, அந்த வகை. வின்செஸ்டரின் புகழ்பெற்ற 94 மாடலில் வெற்றுக்கூடு மேல்பக்கமாக எகிறும். மார்லினில் பக்கவாட்டில் விழும். மேல்பக்கம் மூடிய உலோகமாக இருக்கும். இதனால் மார்லின் மேல் தொலைநோக்கிக் குறிக்கண்ணாடியைப் பொருத்துவது எளிது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குறிக்கண்ணாடி வேட்டைக்காரர்களிடையே பரவியபோது, இந்த ஒரு வேறுபாடு மார்லினுக்குப் பெரும் பலமாக அமைந்தது. 1948-இல் வந்த 336 மாடல் அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்கென்றே ஆனதுபோல் நிலைத்துவிட்டது. 1960-இல் வந்த 60 மாடல் என்ற சிறு ரைஃபிள் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. பல வீடுகளில் சிறுவர்கள் முதன்முதலில் சுடக் கற்றுக்கொண்டது அதில்தான்.

1924-இல் நிறுவனம் ஏலத்துக்கு வந்தபோது ஃபிராங்க் கென்னா என்ற வழக்கறிஞர் 100 டாலர் கொடுத்து, அதன் மேல் இருந்த 1,00,000 டாலர் அடமானக் கடனையும் ஏற்றுக்கொண்டு வாங்கினார். அதன் பிறகு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அந்தக் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பிற்காலத்தில் தொழிற்சாலை பக்கத்து ஊரான நார்த் ஹேவனுக்கு மாறியது. ஒரே தொழிற்சாலையில், பெரும்பாலும் அதே மாதிரியான இயந்திரங்களில், தலைமுறையாக வேலை பார்த்தவர்களின் கையில் மார்லின் உருவானது.

அந்த இயந்திரங்கள் பழையவை. வரைபடங்களும் பழையவை. லீவர் ரைஃபிளின் உள்ளே தோட்டாவைத் தூக்கும் தட்டு, பூட்டும் கட்டை, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும், இரண்டு துண்டாக உள்ள சுடுமுள் என்று ஒன்றையொன்று நேரம் தப்பாமல் தொட வேண்டிய பாகங்கள் பல. ஒரு பாகம் மயிரிழை தப்பினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். நார்த் ஹேவனில் வரைபடத்தில் இருந்த அளவுக்கும் உண்மையில் செய்த பாகத்தின் அளவுக்கும் இடையே காலப்போக்கில் ஏற்பட்ட வித்தியாசங்களை, அங்கிருந்தவர்கள் கையால் தேய்த்தும் பொருத்தியும் சரிசெய்து வந்தார்கள். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. பாட்டியிடம் குழம்புச் செய்முறையை எழுதி வாங்கிக்கொள்ளலாம். 'உப்பு தேவையான அளவு' என்ற வரியில்தான் பாட்டி இருக்கிறாள். மார்லினை வாங்கியவர்கள் செய்முறையை வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் யார்? நியூயார்க்கைச் சேர்ந்த செர்பெரஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம். 2006-இல் புஷ்மாஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தை வாங்கியது. 2007-இல் கடனையும் சேர்த்து 37 கோடி டாலர் மதிப்பில் ரெமிங்டனை வாங்கியது. அந்த ஆண்டின் முடிவில் ரெமிங்டன் வழியாக மார்லினை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிபிஎம்எஸ், டகோட்டா, பாரா என்று துப்பாக்கி நிறுவனங்களை அடுத்தடுத்து வாங்கிக் குவித்து 'ஃப்ரீடம் குரூப்' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. சிதறிக் கிடக்கும் சிறு நிறுவனங்களைச் சேர்த்து, செலவைக் குறைத்து, பெரிய நிறுவனமாகப் பங்குச் சந்தையில் விற்பது இவ்வகை முதலீட்டாளர்களின் வழக்கமான வழி. 2009-இல் பங்கு வெளியீட்டுக்கு மனுவும் கொடுத்தார்கள். பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

செலவைக் குறைப்பது என்றால் நடைமுறையில் தொழிற்சாலைகளை மூடுவது. 2010 மார்ச்சில் நார்த் ஹேவன் தொழிற்சாலை மூடப்படும் என்று அறிவித்தார்கள். அப்போது அங்கே 265 பேர் வேலை செய்தார்கள். 2011-இல் அது மூடப்பட்டது. இயந்திரங்கள் லாரிகளில் ஏறி நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் உள்ள ரெமிங்டன் தொழிற்சாலைக்கும், கென்டக்கியின் மேஃபீல்டுக்கும் போயின. ஆட்களில் பெரும்பாலோர் போகவில்லை. குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்க் குடியேற ஒரு தொழிலாளியிடம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

அதன் பிறகு இலியனிலிருந்து வெளிவந்த மார்லின்கள் பற்றிய புகார்கள் பெருகின. குழல் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் குறிமுள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மரக்கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. லீவர் கரகரத்தது. தோட்டா சிக்கியது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் சுடும் 1894 மாடல் சில காலம் சந்தையிலேயே இல்லை. ரசிகர்கள் இந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு 'ரெம்லின்' என்று பெயர் வைத்தார்கள். அதில் இருந்த கசப்பு பல ஆண்டுகள் ஆறவில்லை. இலியன் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெமிங்டன் துப்பாக்கிகளைத் தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் அவர்கள். தேய்ந்த இயந்திரமும் பொருந்தாத வரைபடமும் முன்பின் செய்தறியாத துப்பாக்கியும் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் இறங்கின. பிந்தைய ஆண்டுகளில் தரம் ஓரளவு தேறியது என்று அதே ரசிகர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

குழலில் பதிந்த முத்திரை

ஒரு நிறுவனம் கைமாறினால் வெளியே தெரியாமல் மறைக்கும் வழி மற்ற தொழில்களில் உண்டு. துப்பாக்கியில் அது இல்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியிலும் சீரியல் எண்ணுடன் செய்தவரின் பெயரும் ஊரும் மாநிலமும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். குற்றங்களில் துப்பாக்கியின் வழித்தடத்தைக் கண்டுபிடிப்பதற்காக வந்த விதி அது. ஆனால் அதே விதி, எந்தத் தொழிற்சாலையில் எந்தக் கைகளில் உருவானது என்பதை ஒவ்வொரு வாங்குபவருக்கும் காட்டிக்கொடுக்கிறது.

மார்லினில் இன்னும் நுட்பமான அடையாளம் உண்டு. பழைய நிறுவனம், சோதித்துத் தேறிய குழலின் மேல் ஜான் மார்லினின் முதலெழுத்துகளான 'ஜே.எம்.' என்ற சிறு முத்திரையை நீள்வட்டத்துக்குள் பதித்தது. ரெமிங்டன் காலத்தில் அந்த இடத்தில் 'ஆர்.இ.பி.' என்ற முத்திரை வந்தது. இதனால் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் வாங்குபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது குழலின் இடப்பக்கத்தையே. 'ஜே.எம்.' இருந்தால் ஒரு விலை, 'ஆர்.இ.பி.' இருந்தால் அதைவிடக் குறைந்த விலை. 1973 முதல் செய்யப்பட்ட பழைய மார்லின்களில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் கிடைக்கும்: 27 என்று தொடங்கினால் 73, அதாவது 1973. இதெல்லாம் ரசிகர்களுக்குக் கரதலப் பாடம். வெறும் பழைமை மோகம் என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. என் பார்வையில் இது வாடிக்கையாளர்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட தரக் கட்டுப்பாடு. நிறுவனத்தின் விளம்பரம் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருந்ததைச் சந்தை விலையால் பதிவு செய்தவர்கள் அவர்கள்.

இந்தப் பழக்கம் மார்லினோடு பிறந்ததும் இல்லை. வின்செஸ்டர் 1964-இல் செலவைக் குறைப்பதற்காகத் தன் துப்பாக்கிகளின் செய்முறையை மாற்றியது. அதற்கு முந்தையவற்றை '64-க்கு முந்தியது' என்று தனி இனமாகவே சேகரிப்பாளர்கள் இன்றும் மதிக்கிறார்கள். 2006-இல் வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று வின்செஸ்டர் பெயரில் வரும் லீவர் ரைஃபிள்கள் ஜப்பானின் மிரோகு தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. வேலைப்பாட்டில் அவை மிகச் சிறந்தவை என்பதை வின்செஸ்டர் பக்தர்களும் மறுப்பதில்லை. ஆனாலும் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. தரம் ஒரு பக்கம், ஊர்ப் பற்று இன்னொரு பக்கம் என்று இரண்டும் இழுக்கும் இடம் இது.

வாங்கப்பட்ட நிறுவனமே முன்பு வாங்கிய நிறுவனமாகவும் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. மார்லின் 2000-இல் எச் அண்ட் ஆர் என்ற பழைய நிறுவனத்தை வாங்கியது. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் மலிவு விலைத் துப்பாக்கிகளைச் செய்த நிறுவனம் அது. கிராமத்துச் சிறுவர்களின் முதல் துப்பாக்கி. ரெமிங்டன் அதையும் இலியனுக்குக் கொண்டுபோய், 2015-இல் நிறுத்தியே விட்டது. திவால் ஏலத்தில் அந்தப் பெயரை வேறொரு குழு வாங்கியது. இன்று எச் அண்ட் ஆர் என்ற பெயரில் வருபவை பழைய ராணுவ ரைஃபிள்களின் மாதிரிகள். மலிவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி திரும்பவில்லை. லாபம் குறைவான, ஆனால் எளியவர்களுக்கு எட்டிய பொருள்தான் இப்படிப்பட்ட கைமாற்றங்களில் முதலில் காணாமல் போகிறது. இதற்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

உரிமையாளரின் அரசியல்

இதுவரை சொன்னது தரத்தைப் பற்றிய பயம். அதைவிட வேகமாகப் பற்றிக்கொள்வது அரசியல் பயம். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தோடு கட்டுண்ட உரிமைப் பிரச்சினை. ஆகவே 'புதிய முதலாளி எந்தப் பக்கம்?' என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை.

செர்பெரஸ் நிறுவனங்களை வாங்கிக் குவித்த காலத்தில் ஒரு வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. கோடீசுவரர் ஜார்ஜ் சோரோஸ்தான் பின்னணியில் இருக்கிறார், துப்பாக்கி நிறுவனங்களை வாங்கி ஒவ்வொன்றாக மூடி நாட்டின் துப்பாக்கிகளை ஒழிப்பதே திட்டம் என்றார்கள். அது முழுப் பொய். துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கமே அதை மறுத்து விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த வதந்தி ஏன் ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தொழிற்சாலைகள் உண்மையாகவே மூடப்பட்டுக்கொண்டிருந்தன. மெய்ன் மாநிலத்தில் புஷ்மாஸ்டரின் தொழிற்சாலை மூடப்பட்டது. அதை உருவாக்கி விற்றிருந்த பழைய முதலாளி, வேலை இழந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே வேறு பெயரில் ஒரு துப்பாக்கி நிறுவனம் தொடங்கினார். கண்ணால் கண்ட மூடல்களுக்கு மக்கள் ஒரு காரணத்தைத் தேடினார்கள். கடன், வட்டி, இணைப்புச் செலவு என்ற உண்மைக் காரணம் புரியவும் சொல்லவும் கடினமாக இருந்தது. ஒரு வில்லனின் பெயர் எளிதாக இருந்தது.

அரசியல் பயம் எப்போதும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்மித் அண்ட் வெஸன் கதை அதற்கு எடுத்துக்காட்டு. 1852-இல் தொடங்கிய அந்த அமெரிக்க நிறுவனத்தை 1987-இல் டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமம் வாங்கியது. ரொட்டி நிறுவனம் உட்பட பலவகைத் தொழில்களை நடத்திய குழுமம் அது. 2000 மார்ச்சில், வழக்குகளின் நெருக்கடிக்கு நடுவே, ஸ்மித் அண்ட் வெஸன் கிளின்டன் அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. துப்பாக்கிகளில் பூட்டு வைப்பது, விற்பனையாளர்களுக்கு நடத்தை விதிகள் விதிப்பது போன்றவற்றுக்கு ஒப்புக்கொண்டது. நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகள் என்று ஒரு சாரார் வரவேற்றார்கள். துப்பாக்கி வாங்கும் சாராரோ அதைத் துரோகமாகப் பார்த்தார்கள். புறக்கணிப்பு தொடங்கியது. விற்பனை சரிந்தது, ஆட்குறைப்பு நடந்தது. 2001 மே மாதத்தில் டாம்கின்ஸ் அந்த நிறுவனத்தை 1.5 கோடி டாலருக்கும், 3 கோடி டாலர் கடனை வாங்குபவர் ஏற்றுக்கொள்வதற்கும் விற்றுவிட்டு விலகியது. 1987-இல் டாம்கின்ஸ் கொடுத்தது 11 கோடி டாலருக்கும் மேல்.

வாங்கியது அரிசோனாவைச் சேர்ந்த சேஃப்-டி-ஹாமர் என்ற சிறு நிறுவனம். அதன் தலைமையில் ஸ்மித் அண்ட் வெஸனின் முன்னாள் அதிகாரி ஒருவர் இருந்தார். நிறுவனம் அமெரிக்கர் கைக்குத் திரும்பியதில் பலர் சமாதானமானார்கள். ஆனால் சேஃப்-டி-ஹாமர் துப்பாக்கிப் பூட்டுகளைச் செய்யும் நிறுவனம். ரிவால்வர்களின் பக்கவாட்டில் சாவி நுழையும் சிறு துளையோடு உள்பூட்டு வந்தது. அன்று முதல் பூட்டு இல்லாத பழைய ரிவால்வர்களைத் தேடி வாங்கும் ஒரு கூட்டம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2024-இல், பூட்டு இல்லாத புதிய சிறு ரிவால்வர்கள் சிலவற்றை நிறுவனம் வெளியிட்டபோது அதைத் தங்கள் நீண்ட பிடிவாதத்தின் வெற்றியாக அவர்கள் கொண்டாடினார்கள். ஒரு சிறு துளைக்கு இவ்வளவு நினைவாற்றலா என்று தோன்றலாம். அந்தத் துளையில் அவர்கள் பார்த்தது 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை.

இங்கே இன்னொரு நிகழ்வைத் தவிர்த்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2012 டிசம்பர் 14-இல் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பயன்படுத்தியது புஷ்மாஸ்டர் ரைஃபிள். செர்பெரஸின் நிதியில் கலிஃபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் இருந்தது. ஆசிரியர்களின் சேமிப்பு, பள்ளிக் குழந்தைகளைக் கொன்ற துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தில் இருந்தது என்ற உண்மை யாரையும் உறங்கவிடாது. நான்கே நாளில், ஃப்ரீடம் குரூப்பை விற்கப்போவதாகச் செர்பெரஸ் அறிவித்தது. ஆனால் வாங்க ஆள் கிடைக்கவில்லை. துப்பாக்கி ரசிகர்களில் பலர் செர்பெரஸின் அறிவிப்பை, 'இவர்கள் ஒருபோதும் நம்மவர்களாக இருந்ததில்லை' என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டவர்கள் அதைக் கைகழுவும் முயற்சியாகப் பார்த்தார்கள். இரு தரப்பாரின் நம்பிக்கையையும் ஒரே அறிவிப்பில் இழந்த முதலாளி அந்த நிறுவனம். பின்னர் 2022 பிப்ரவரியில், கொல்லப்பட்டவர்களில் ஒன்பது பேரின் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் 7.3 கோடி டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தன.

அதற்குள் ரெமிங்டன் இரண்டு முறை திவாலாகியிருந்தது. 2018-இல் முதல் முறை, சுமார் 70 கோடி டாலர் கடனைக் குறைக்கும் திட்டத்தோடு. உரிமை கடன்காரர்களிடம் போனது. 2020-இல் இரண்டாம் முறை. துப்பாக்கித் தொழிலின் விற்பனை ஏறி இறங்கும் இயல்புடையது. கட்டுப்பாடு வரும் என்ற அச்சம் கிளம்பினால் மக்கள் முண்டியடித்து வாங்குவார்கள். அச்சம் அடங்கினால் சந்தை உறங்கிவிடும். அப்படிப்பட்ட தொழிலின் மேல் பெருங்கடனை ஏற்றினால், உறக்கக் காலத்தில் வட்டி மட்டும் விழித்திருக்கும். ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் சாய்ந்த குறிமுள்ளின் மேலும் முதலாளியின் அரசியல் மேலும் இருந்தது. கடன் பத்திரத்தின் மேல் இருந்திருக்க வேண்டும்.

ரூகர் வாங்கிய பிறகு

மார்லினை ரூகர் வாங்கியதை ரசிகர்கள் ஏன் வரவேற்றார்கள் என்பது இப்போது தெளிவாகும். ரூகர் 1949-இல் தொடங்கிய, துப்பாக்கி செய்வதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம். கடனில்லாமல் தொழில் நடத்துவதில் பெயர் பெற்றது. உருக்கு வார்ப்பில் கைதேர்ந்தது. அதைவிட, 2020 நவம்பரில் உரிமை கைக்கு வந்ததும் அவசரப்பட்டு எதையும் விற்கவில்லை. கிடைத்த இயந்திரங்களையும் பாகங்களையும் வட கரோலினாவின் மேயோடன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அளவுகளை மறுபடி எடுத்து, புதிய கணினி இயந்திரங்களுக்கு ஏற்பச் செய்முறையை மாற்றியமைத்தது. குழல்களைத் தன் வழக்கப்படி, உலோகத்தைச் சூடாக்காமல் அடித்து உருவாக்கும் குளிர்நிலைச் சுத்தியல் அடிப்பில் செய்தது. முதல் ரைஃபிள்கள், .45-70 தோட்டாவைச் சுடும் 1895 எஸ்பிஎல் மாடல், 2021 டிசம்பரில்தான் வெளிவந்தன. ஓராண்டுக்கும் மேல் ஒரு வருமானமும் இல்லாமல் காத்திருக்க முடிந்த முதலாளி என்பதே முக்கியமான தகவல். 336 மாடல் 2023-இல் திரும்பியது.

மரக்கட்டையின் அடிப்பக்கத்தில் பழைய மார்லின்களில் இருந்த கறுப்பு வெள்ளைப் புள்ளி இப்போது சிவப்பு வெள்ளையாக இருக்கிறது. சீரியல் எண் ரெமிங்டன் காலத்தில் 'எம்.ஆர்.' என்று தொடங்கியது, இப்போது 'ஆர்.எம்.' என்று தொடங்குகிறது. ரசிகர்கள் இவற்றை உடனே மனத்தில் குறித்துக்கொண்டார்கள். புதியவற்றின் பொருத்தமும் லீவரின் மென்மையும் பரவலாகப் பாராட்டப்பட்டன. விலை பழையதைவிட மிக அதிகம் என்ற முணுமுணுப்பும் சேர்ந்தே எழுந்தது. மான் வேட்டைக்குப் போகும் சாதாரணத் தொழிலாளியின் துப்பாக்கியாக இருந்த 336, ஆயிரம் டாலருக்கும் மேல் விலைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய முணுமுணுப்பு நியாயமானது.

மகிழ்ச்சிக்கு நடுவே பலர் கவனிக்கத் தவறிய ஒன்றும் உண்டு. திவால் ஏலத்தில் வாங்குபவர் சொத்தை வாங்குகிறார். பழைய கடமைகளை வாங்குவதில்லை. ரூகர் தான் செய்யும் மார்லின்களுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. அதற்கு முன் செய்யப்பட்ட மார்லின்களைப் பழுது பார்ப்பதில்லை. ஆகவே 'மார்லின் பிழைத்தது' என்று மகிழ்ந்தவரின் பெட்டகத்தில் இருந்த ரெமிங்டன் காலத்துத் துப்பாக்கி, அதே நாளில் திக்கற்றுப் போனது. உள்ளூர்த் துப்பாக்கிக் கம்மியரும், பழைய துப்பாக்கிகளைப் பிரித்து உதிரி பாகம் விற்கும் வியாபாரிகளும்தான் அதற்கு இனிக் கதி. உணர்ச்சி அளவில் ரசிகர்கள் கணித்தது சரி. சட்ட அளவில் தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டு முதலாளி என்றால் எதிர்ப்பு கட்டாயம் வரும் என்ற எண்ணத்தையும் அண்மைக் காலம் சிக்கலாக்கியிருக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் அடையாளமே ஆன கோல்ட் நிறுவனத்தைச் செக் நாட்டின் சீசெட் குழுமம் 22 கோடி டாலர் ரொக்கமும் பங்குகளும் கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு தன் பெயரையே கோல்ட் சீசெட் என்று மாற்றிக்கொண்டது. கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு. ரசிகர்களில் பெரும்பாலோர் நம்பிக்கையோடு வரவேற்றார்கள். காரணம் எளியது. கோல்ட் 2015-இல் திவாலாகி எழுந்தது. ராணுவ ஒப்பந்தங்களை நம்பி, சாதாரண வாங்குபவரைப் பல காலம் பொருட்படுத்தாமல் இருந்தது. 2019-இல் ராணுவ ரைஃபிளின் சாயலில் உள்ள ஏஆர்-15 வகை ரைஃபிள்களைப் பொதுமக்களுக்குச் செய்வதை நிறுத்திவைத்து அவர்களின் கோபத்தையும் சம்பாதித்தது. சீசெட் செய்யும் கைத்துப்பாக்கிகளோ அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தன, நன்றாகவும் சுட்டன. துப்பாக்கி செய்யத் தெரிந்த வெளிநாட்டுக்காரர், கணக்குப் பார்க்க மட்டும் தெரிந்த உள்நாட்டுக்காரரைவிட மேல் என்று அவர்கள் எடை போட்டார்கள். செர்பெரஸ் காலம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தோட்டா விஷயத்தில் மட்டும் அரசியல்வாதிகள் முந்திக்கொண்டார்கள். ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் தோட்டாக்கள் எல்லாவற்றையும் கொண்ட விஸ்டாவின் தோட்டாப் பிரிவைச் செக்கோஸ்லோவாக் குரூப் என்ற இன்னொரு செக் குழுமம் வாங்க முன்வந்தபோது, அன்று செனட்டராக இருந்த ஜே.டி. வான்ஸ் உட்படச் சிலர் தேசப் பாதுகாப்பைக் காட்டி எதிர்த்தார்கள். அரசின் ஆய்வுக் குழு ஒப்புதல் கொடுத்தது. 2024 நவம்பரில் 220 கோடி டாலருக்கும் மேல் மதிப்பில் விற்பனை முடிந்தது. போர்க்காலத்தில் தோட்டா முதலில் எந்த நாட்டுக்குப் போகும், நெருக்கடி வந்தால் கடையில் பெட்டி கிடைக்குமா என்பது அங்கே கேள்வி. எளிதில் தேயாத துப்பாக்கியைவிட, சுட்டதும் தீரும் தோட்டாவில் உரிமையாளரின் விருப்பம் வாங்குபவரை உடனே தொடும். இந்த எதிர்ப்பில் கொஞ்சம் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன்.

இந்த விற்பனையோடு ரெமிங்டன் என்ற பெயரின் வணிக உரிமையும் செக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. ஏலத்தில் அந்த உரிமை தோட்டாப் பிரிவோடு சேர்ந்தே விஸ்டாவுக்கு விற்கப்பட்டிருந்தது. ரெமிங்டன் துப்பாக்கிகளைச் செய்யும் ரெம்ஆர்ம்ஸ் நிறுவனம் அந்தப் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. நார்த் ஹேவனின் இயந்திரங்கள் ஒரு காலத்தில் லாரியில் வந்து இறங்கிய இலியன் தொழிற்சாலையை அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் மூடியது. ஏறக்குறைய 270 பேர் வேலை இழந்தார்கள். இரு நூற்றாண்டுகள் துப்பாக்கி செய்த அந்த ஊரிலிருந்து உற்பத்தி ஜார்ஜியா மாநிலத்தின் லாகிரேஞ்சுக்குப் போனது. பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் இப்போது ரெமிங்டன் குழல்களிலும் ஊர்ப் பெயரைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.